வேலூர் வெயிலிலும் நன்மை செய்யும் பூச்சிகளை வீட்டுத் தோட்டத்துக்கு வரவழைப்பது எப்படி?

2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்திரிக்காய் விளைகிற வேலூர்ப் பக்கத்தில், கொல்லையில் நாலு செடி வைத்தால் அதில் ஒன்று கத்திரியாகத்தான் இருக்கும். அந்தக் கத்திரிப் பூவிலிருந்தே தொடங்கலாம். அதன் நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில்போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் உதிர வேண்டும். காற்று அசைத்தாலும் ஓரளவு உதிரும் என்றாலும், பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உடலை அதிர வைக்கும் தேனீ வந்தால்தான் காய்ப்பு திருப்தியாக இருக்கும். காலை நேரத்தில் செடியருகே அசையாமல் நின்றால், வயிற்றில் நீல வரிகள் கொண்ட தேனீ ஒன்று பூவில் தொங்கியபடி, பறக்கும்போது எழும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஒலியை ஒரு நொடி எழுப்பிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவுவதைக் காணலாம். கருவண்டைப் போலத் தோன்றும் தச்சுத் தேனீயும் இதே வேலையைச் செய்யும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் கூட்டமாக வாழ்பவை அல்ல என்பதால், தங்க இடம் கொடுப்பதே முதல் வேலை. நீலப்பட்டைத் தேனீ மண்சுவரிலும் காய்ந்த மண்ணிலும் துளையிட்டு முட்டை வைக்கும். ஆகவே கொல்லை முழுவதையும் சிமெண்டு பூசி மூடிவிடாமல், தண்ணீர் தேங்காத ஓர் ஓரத்தைக் கொத்தாமல் விட்டுவையுங்கள். தச்சுத் தேனீக்கு, ஒரு பக்கம் கணு மூடியிருக்கும்படி வெட்டிய மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை படாத தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் போதும்.

அடுத்தது உணவு. பிற பூச்சிகளின் உடலில் முட்டையிட்டு மாவுப்பூச்சியையும் புழுக்களையும் அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் மிகச் சிறியவை. ஆழமான பூவில் அவற்றால் தேன் குடிக்க முடியாது. எனவே கொத்தமல்லியை எந்நேரமும் கிள்ளிக்கொண்டே இராமல் நான்கைந்து செடிகளையாவது பூக்க விடுங்கள். சோம்பு, துளசி, தானாக முளைக்கும் தும்பை ஆகியவையும் உதவும். இந்தக் குளவிகளைக் குறைவாக எடைபோட வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளையாக மூடியபோது, எத்தனை மருந்து அடித்தும் அடங்காத அதை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட, கடுகளவுகூட இல்லாத ஒரு குளவி இனம்தான் கட்டுக்குள் கொண்டுவந்தது.

வேலியோரம் தட்டைப்பயறு விதைப்பது நல்ல பழக்கம். அதில் சேரும், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கறுப்பு அசுவினி பெரும்பாலும் பயறுவகைச் செடிகளையே நாடும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு அங்கேயே பெருகிக் கத்திரிக்கும் வெண்டைக்கும் பரவும். பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். பொறிவண்டின் புழு, வண்டைப் போலவே இருக்காது. ஆறு கால்களுடன், கறுப்பு உடலில் செம்மஞ்சள் புள்ளிகளுடன் குட்டி முதலையைப் போல இருக்கும். சில வகைகளின் புழு வெள்ளை மெழுகிழைகளால் மூடப்பட்டு, பார்வைக்கு மாவுப்பூச்சியாகவே தெரியும். நானும் முதல் ஆண்டில் அவற்றை ஒவ்வொன்றாக நசுக்கினேன். அந்த வாரமே செடி முழுவதும் அசுவினி ஏறியது. வேகமாக ஓடுவது காவலாளி, ஒட்டிக்கொண்டு கிடப்பது பகைவன் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. மங்கிய செம்பழுப்பு நிறத்தில் ஏராளமான கறுப்புப் புள்ளிகளுடன் கத்திரி இலையைச் சல்லடையாக்கும் வண்டும், முள்முள்ளான அதன் மஞ்சள் புழுவும் பொறிவண்டுக் குடும்பம்தான் என்றாலும் அவை இலைதின்னிகள். அவற்றைக் கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

எறும்பையும் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது பொறிவண்டை விரட்டும். அதன் வரிசை எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து, தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வழியை அடைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பவை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுக்கள். செடி பெரிதாக இருந்தால் இரண்டு கொத்துகளை அவற்றுக்கு விட்டுக்கொடுங்கள். தையல்சிட்டும் கரிச்சானும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கல் இடுக்கில் தேரை இருந்தால் கலைக்காதீர்கள்.

கத்திரி வெயிலில், நூறு டிகிரியைத் தாண்டும் நாட்களில், பூவைவிடத் தண்ணீர்தான் நன்மை செய்யும் பூச்சிகளை இழுக்கும். அகலமான மண்தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்களின் தலை நனையாத அளவுக்கு நீர் ஊற்றி நிழலில் வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் தேனீ விழுந்து இறக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

மருந்தை நிறுத்திய முதல் சில வாரங்களில் பூச்சித் தொல்லை கூடத்தான் செய்யும், ஏனென்றால் இரை பெருகிய பிறகுதான் இரைதின்னி வரும். அதுவரை அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்தும், வாடிய கத்திரி நுனியைப் புழுவோடு கிள்ளியும் சமாளியுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையில் நல்ல பூச்சிகளும் சிக்கிச் சாகின்றன என்பதால் நான் அதைத் தொங்கவிடுவதில்லை. வேறு வழியே இல்லையென்றால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தேனீக்கள் அடங்கிய மாலையில், பூக்களின்மேல் படாமல், பூச்சி ஏறிய கிளையில் மட்டும் தெளியுங்கள்.