ஆபத்து நேரத்துல நாய் உங்களைக் காவல் காக்கும், அப்ப உதவிக்கு வர்றவங்களை யாரு காக்கிறது? நாயைத் தயார் பண்ணி வைக்கிற வழி

நாய் வளர்க்கிற எல்லார் மனசுலயும் ஒரு நம்பிக்கை இருக்கும், நமக்கு ஒண்ணுன்னா இவன் விட மாட்டான்னு. உண்மைதான், விட மாட்டான். ஆனா யாரை விட மாட்டான்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க மயங்கி கீழ விழுந்து கிடக்கிறீங்க, கதவைத் திறந்துட்டு முன்ன பின்ன தெரியாத ரெண்டு பேர் யூனிஃபார்ம் போட்டுகிட்டு கையில பெரிய பையோட வேகமா உங்களை நோக்கி ஓடி வர்றாங்க, நாய்க்கு அது ஆம்புலன்ஸ்னு தெரியுமா? அது பாட்டுக்கு உங்க மேல குறுக்க நின்னுகிட்டு பல்லைக் காட்டும். அந்தப் பாசத்தால உங்களுக்கு சிகிச்சை லேட் ஆகும். அதனால நாயோட விசுவாசத்தைப் பத்தி உருகுறதை கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, அந்த விசுவாசம் நமக்கு எதிரா திரும்பாம இருக்க என்ன பண்ணணும்னு பாக்கலாம்.

முதல்ல நாய்கிட்ட எதை எதிர்பாக்கலாம், எதை எதிர்பாக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கோங்க. 2006ல கனடாவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. நாயோட வாக்கிங் போற ஓனர் திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுகிட்டு விழுற மாதிரி நடிச்சாங்க, இன்னொரு தடவை புத்தக ஷெல்ஃப் மேல விழுந்து மாட்டிகிட்ட மாதிரி நடிச்சு வலியில கத்தினாங்க. பக்கத்துலயே ஆள் இருந்தும் ஒரு நாய் கூட போய் அவங்களை உதவிக்குக் கூப்பிடல. சில நாய் ஓனரை மோந்து பாத்துச்சு, சிலது சுத்தி அலைஞ்சுச்சு, அவ்வளவுதான். இதைப் படிச்சுட்டு நாய்க்கு நம்ம மேல அக்கறையே இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க. 2020ல அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில 60 நாய்களை வெச்சு வேற மாதிரி பாத்தாங்க. பெரிய பெட்டிக்குள்ள ஓனரை உக்கார வெச்சு, நாய் தள்ளினா திறக்கிற மாதிரி லேசான கதவு வெச்சு, உள்ள இருந்து பயந்து போய் கூப்பிடச் சொன்னாங்க. 20 நாய் திறந்துச்சு. அட மூணுல ஒண்ணுதானான்னு தோணும், ஆனா அதே பெட்டிக்குள்ள சாப்பாடு போட்டு நாய் கண்ணு முன்னாடியே மூடினப்போ 19 நாய்தான் திறந்துச்சு. அந்த 19ல 16 நாய் ஓனரையும் வெளிய எடுத்துச்சு. அதாவது திறக்கத் தெரிஞ்ச நாய்ல முக்கால்வாசிக்கு மேல காப்பாத்துச்சு. ஆசை இருக்கு, எப்படின்னு தெரியல, அதுதான் பிரச்சனை. அந்த எப்படியை நாம சொல்லிக் குடுக்கலாம்.

2018ல வந்த இன்னொரு ஆய்வும் இங்க முக்கியம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி ஓனர் அழுதா நாய் வருதான்னு பாத்தாங்க. வந்த நாய்ங்க சீக்கிரமா வந்துச்சு, வராத நாய்ங்க அக்கறை இல்லாம சும்மா படுத்திருக்கல, ரொம்ப பதட்டத்துல உறைஞ்சு போய் நின்னுச்சு. பதட்டமான நாயால யாருக்கும் உதவ முடியாது. கீழ சொல்ற பயிற்சி எல்லாத்துலயும் பாதி வேலை, விபரீதமா தெரியுற ஒரு காட்சியை நாய்க்கு சாதாரணமா ஆக்குறதுதான்.

நீங்க விழுந்து கிடக்கும்போது வேற ஆள் உள்ள வர்றது

இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். நல்லா கவனிங்க, அந்த நேரத்துல உக்காரு, போ, சும்மா இருன்னு சொல்ல நீங்க நினைவோட இருக்க மாட்டீங்க. அதனால கட்டளை உங்க வாயில இருந்து வரக் கூடாது, காலிங் பெல் சத்தமோ கதவு தட்டுற சத்தமோதான் கட்டளையா இருக்கணும். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க, நாய்க்கு நூறு கட்டளை தெரியும் ஆனா எல்லாமே ஓனர் சொன்னாதான்.

நாய்க்குன்னு ஒரு மேட் வாசல்ல இருந்து தள்ளி போடுங்க, முடிஞ்சா கதவோ தடுப்போ சாத்துற மாதிரி ஒரு ரூம்ல. முதல்ல மேட்ல போய் படுத்தா ட்ரீட், அதாவது பரிசா ஒரு துண்டு தின்பண்டம், இது மட்டும். அது பழகினதும் பெல் அடிக்கணும், அடிச்ச உடனே மேட்டைக் காட்டணும், போனா ட்ரீட். ஆள் உள்ள வரவே வேணாம், சும்மா பெல், மேட், ட்ரீட். பெல் அடிச்சதும் நீங்க ஒண்ணும் சொல்லாமயே நாய் மேட்டுக்கு ஓடுற வரைக்கும் இதுலயே நில்லுங்க, அவசரப்பட்டு அடுத்ததுக்குப் போனீங்கன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டி வரும்.

அப்புறம்தான் நீங்க தரையில படுக்கணும். முதல்ல வெறுமனே படுத்துகிட்டு அமைதியா ட்ரீட் குடுங்க, ஏன்னா நிறைய நாய் நம்மளை தரையில பாத்தாலே விளையாட்டுன்னு மேல குதிக்கும் இல்லன்னா மூஞ்சியை நக்கி நக்கி பதறும். படுத்திருக்கிறது சாதாரணம்னு ஆனதும், நீங்க படுத்திருக்கும்போது வீட்ல இன்னொருத்தர் பெல் அடிக்கட்டும். அடுத்து நாய்க்குத் தெரிஞ்ச ஃப்ரெண்ட் உள்ள வரட்டும், அதுக்கப்புறம் அதிகம் தெரியாத ஆள், அதுக்கப்புறம் தொப்பி, மாஸ்க், ஹெல்மெட், பெரிய பை. கடைசில அவர் உங்க பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து கையைப் பிடிச்சுப் பாக்கட்டும். ஒவ்வொரு படியிலயும் நாய் உறுமினாலோ, உடம்பு விறைச்சு ஆடாம அசையாம நின்னாலோ, கண்ணோட வெள்ளை தெரியுற மாதிரி ஓரப்பார்வை பாத்தாலோ ஒரு படி பின்னாடி போங்க. உறுமினதுக்கு திட்டாதீங்க ப்ளீஸ். உறுமல் ஒரு எச்சரிக்கை, அதை அடிச்சு அடக்கினீங்கன்னா அடுத்த தடவை சத்தமே இல்லாம நேரா கடிக்கும். ஏற்கனவே ஆளைக் கடிச்ச நாய்னா இதை நீங்களா பண்ணவே வேணாம், அனுபவமுள்ள ட்ரெய்னர் கூட இருக்கணும்.

பயிற்சி எவ்ளோ இருந்தாலும் நிஜ நாள்ல நாய் சொதப்பலாம், அதனால ஆளுங்க பக்கமும் ஏற்பாடு வேணும். வீட்ல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் வேலை போன் பண்றது, இன்னொருத்தரோட முதல் வேலை நாயை ரூம்ல போட்டு கதவைச் சாத்துறது, இதை முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. தனியா இருக்கிறவங்க நாய்க்கு நல்லா பழகின பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட சாவி குடுத்து வைங்க. வாசல் பக்கத்துல லீஷ் (நாயைப் பிடிச்சுக்கிற கயிறு) ஒண்ணு, ட்ரீட் டப்பா ஒண்ணு, நாய் பேர் எழுதின சீட்டு ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். பேர் சொல்லி கூப்பிட்டு கையில ட்ரீட்டோட நிக்கிற ஆளை நாய் பாக்குற விதமே வேற. அவசர நம்பருக்கு போன் பண்ணும்போது வீட்ல நாய் இருக்குன்னு சொல்ல மறக்காதீங்க.

போய் ஆளைக் கூப்பிடுன்னு சொல்லித் தர்றது

இது எல்லா நாய்க்கும் வராது, ஆனா விளையாட்டாவே ஆரம்பிக்கலாம். ரெண்டு பேர் ஹால்ல எதிரெதிரா உக்காந்து, ஒருத்தர் நாய்கிட்ட இன்னொருத்தர் பேரைச் சொல்லி 'போ'ன்னு சொல்லணும், அந்த இன்னொருத்தர் கூப்பிட்டு ட்ரீட் குடுக்கணும். கொஞ்ச நாள்ல கூப்பிடாமயே பேரைக் கேட்டதும் ஓடும். அப்புறம் வேற வேற ரூம்ல உக்காருங்க. அங்க போனதும் மூக்கால கையைத் தட்டினாதான் ட்ரீட்னு மாத்துங்க, சும்மா வந்து வாலை ஆட்டிட்டு நின்னா யாருக்கும் புரியாது. கடைசியா, நாய் தான் போய்த் தொட்ட ஆளை திரும்ப உங்ககிட்டயே கூட்டிட்டு வரணும், அதுக்கு ட்ரீட்டை உங்க பக்கத்துல வெச்சுக் குடுங்க, அந்த ஆள்கிட்ட இல்ல.

ஸ்மோக் அலாரத்துக்கும் இதே வழிதான். காது கேக்காதவங்களுக்கு உதவுற நாய்களுக்கு சத்தம் கேட்டதும் வந்து ஓனரைத் தொடணும்னு பழக்குவாங்க. அலாரம் சத்தத்தை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ரொம்ப குறைச்ச சத்தத்துல ஆரம்பிங்க, சத்தம் வந்த உடனே உங்க கையைத் தொட்டா ட்ரீட், மெல்ல மெல்ல சத்தத்தைக் கூட்டுங்க. ஒரேயடியா நிஜ அலாரத்தை அடிச்சீங்கன்னா அதுக்கப்புறம் அலாரம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும், அது நமக்கு இன்னும் மோசம். பேட்டரி தீரும்போது வர்ற கீச் கீச் சத்தத்துக்கே சில நாய் நடுங்கும், பேட்டரியை முன்னாடியே மாத்திடுங்க.

வலிப்பு வரப் போறதை நாய் முன்கூட்டியே சொல்லும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சில நாய் தானா அப்படி பண்றதுண்டு, ஆனா அதை நம்பகமா சொல்லித் தர முடியாது. வலிப்பு வந்த பிறகு குலைச்சு ஆளைக் கூப்பிடறது, பக்கத்துல படுத்துக்கறது, இதைச் சொல்லித் தரலாம்.

தீ, வெள்ளம்

தீ பிடிச்சா நாய் உங்களை எழுப்பலாம், எழுப்பாமலும் போகலாம், அதனால நாய் இருக்குன்னு ஸ்மோக் அலாரம் வாங்காம இருக்காதீங்க. பயந்த நாய் பல நேரம் வெளிய ஓடாது, தனக்குப் பழகின மூலையில போய் பதுங்கும். உங்க நாய் இடிச் சத்தத்துக்கும் பட்டாசுக்கும் எங்க போய் ஒளியுதுன்னு கவனிச்சு வைங்க, தீ பிடிச்சாலும் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். கைக்கு எட்டுற மாதிரி இருந்தா லீஷ் மாட்டி இழுத்துட்டு வெளிய வாங்க. இல்லன்னா நீங்க வெளிய வந்து கதவுக்கு வெளியில இருந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்க, தீயணைப்பு ஆட்கள்கிட்ட எந்த ரூம், எந்த மூலைன்னு சொல்லுங்க. திரும்ப உள்ள போகாதீங்க. சொல்ல லேசு, செய்ய கஷ்டம்னு தெரியும், ஆனா உள்ள போய் நீங்களும் மயங்கிட்டா அப்புறம் மீட்க ஆள் ரெண்டாகும்.

வெள்ளம்னா ஒரே ஒரு விஷயம் எல்லாத்தையும் விட முக்கியம், கட்டிப் போட்டுட்டு போகாதீங்க. கூண்டுலயும் பூட்டாதீங்க. எந்த வழியும் இல்லாம விட்டுட்டுப் போக வேண்டிய நிலைமைன்னா சங்கிலியை அவுத்து விட்டு, மேல ஏற வழி திறந்து வெச்சுட்டுப் போங்க, நீந்தியாவது பிழைச்சுக்க ஒரு வாய்ப்பு இருக்கும். ஆனா கூட கூட்டிட்டுப் போறதுதான் சரி. 2005ல கத்ரீனா புயல் வந்தப்போ அமெரிக்காவுல எத்தனையோ பேர் செல்லப் பிராணியை விட்டுட்டு வர மாட்டோம்னு வீட்லயே இருந்துட்டாங்க, அதுக்கப்புறம் 2006ல மீட்புத் திட்டத்துல பிராணிகளையும் சேக்கணும்னு அங்க சட்டமே போட்டாங்க. நாய் மட்டும் நமக்கு விசுவாசமா இல்ல, நாமளும் அப்படித்தான், அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே நாயைச் சேத்துக்கிற இடம் எதுன்னு விசாரிச்சு வைங்க. தடுப்பூசி சர்டிஃபிகேட் ஃபோட்டோ, நீங்களும் நாயும் சேந்து இருக்கிற ஒரு ஃபோட்டோ ஃபோன்ல இருக்கட்டும், தொலைஞ்சா உங்க நாய்தான்னு காட்ட அது உதவும். மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்கிற சின்ன அடையாள சிப்) போட்டிருந்தா அதுக்குன்னு பதிஞ்சு வெச்ச ஃபோன் நம்பர் இப்போ நீங்க வெச்சிருக்கிறதுதானான்னு பாருங்க.

நாய்க்கே அடிபட்டா

உங்களை உயிரா நினைக்கிற நாயும் வலியில உங்களையே கடிக்கும், அதுல துரோகம் எதுவும் இல்ல. தூக்கறதுக்கு முன்னாடி வாய்க்கூடு, மஸில்னு சொல்வாங்களே அதை மாட்டுங்க, இல்லன்னா நீளமான துணியை மூக்கு மேல சுத்தி தாடைக்கு அடியில கொண்டு போய் காதுக்குப் பின்னாடி முடிச்சு போடுங்க. வாந்தி எடுத்தாலோ, மூச்சு விட கஷ்டப்பட்டாலோ, சப்பை மூக்கு நாயா இருந்தாலோ கட்டாதீங்க. முதுகுல அடிபட்டிருக்கும்னு தோணினா பலகை மேலயோ கெட்டியான போர்வை மேலயோ நகர்த்தி ரெண்டு பேரா தூக்குங்க. வாய்க்கூட்டை நல்லா இருக்கும்போதே ட்ரீட் வெச்சு பழக்கிட்டா அன்னைக்குப் போராட்டம் இருக்காது.

மூச்சும் நாடியும் இல்லன்னா பெரும்பாலான நாயை பக்கவாட்டுல படுக்க வெச்சு நெஞ்சை 30 தடவை அமுக்கி, வாயை மூடிப் பிடிச்சு மூக்கு வழியா 2 தடவை ஊதணும், அமுக்கற வேகம் நிமிஷத்துக்கு 100ல இருந்து 120. அப்படியே பண்ணிகிட்டே வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட போங்க.

உங்களைக் கடிச்சுட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க, நம்ம வீட்டு நாய்தானேன்னு விடாதீங்க.

நீங்க உதவப் போற இடத்துல நாய் காவல் இருந்தா

நேரா ஓடாதீங்க, கண்ணை உத்துப் பாக்காதீங்க, குனிஞ்சு மேல கை நீட்டாதீங்க. கொஞ்சம் பக்கவாட்டா நின்னு மெதுவா பேசுங்க. வீட்ல திங்கற பொருள் எது கிடைச்சாலும் நோயாளியை விட்டு தள்ளி, திறந்திருக்கிற இன்னொரு ரூம் பக்கமா தூக்கிப் போடுங்க, நாய் உள்ள போனதும் கதவைச் சாத்துங்க. போர்வையோ மெத்தையோ நாற்காலியோ முன்னாடி பிடிச்சுகிட்டு நகர்ந்தா கொஞ்சம் பாதுகாப்பு. அசையவே மாட்டேங்குதுன்னா வீரம் காட்டாம வெளிய வந்து, நாய் வளர்க்கிறவங்க வீட்டாளுங்க யாராவது வர முடியுமான்னு பாருங்க, அவசர நம்பர்லயும் நாய் விடலன்னு சொல்லிடுங்க.

எல்லாம் முடிஞ்ச பிறகு நாய் சில நாள் சரியா சாப்பிடாது, உங்களை விட்டு நகராது, சின்ன சத்தத்துக்கும் துள்ளும். சாப்பாடு, வாக்கிங், தூக்கம் இதெல்லாம் பழைய நேரத்துக்கே நடக்கட்டும், ரெண்டு மூணு வாரத்துல மாறலன்னா வெட்கிட்ட காட்டுங்க. பெல் பயிற்சியையும் அதுக்கப்புறம் ட்ரீட்டோட லேசுல இருந்து ஆரம்பிங்க, நிஜமாவே ஆளுங்க வந்து உங்களைத் தூக்கிட்டுப் போனதை அது பாத்திருக்கு, பெல்லுக்கு இப்போ அதோட மனசுல வேற அர்த்தம் வந்திருக்கலாம்.