பிளேன்ரீ குடித்ததும் குரல் கொழகொழத்தால்

தசைச் சிதைவு, மோட்டார் நியூரோன் நோய், மயஸ்தீனியா என்று தசைகளைப் பலமிழக்கச் செய்யும் நோயின் பெயர் எதுவானாலும் சரி, கை கால் சோர்வதைப் பார்க்கிற அளவுக்கு விழுங்குவதையும் மூச்சையும் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் பெரியப்பாவுக்குப் பிளேன்ரீ குடித்ததும் குரல் கொழகொழத்தது, நாங்களோ, விழுங்கியது சரியாக இறங்கவில்லை என்பதன் அடையாளம் அது என்று தெரியாமல், சளி என்று விட்டுவிட்டோம்.

முதலில் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சாய்மனைக் கதிரையை மறந்துவிடுங்கள். நிமிர்ந்த கதிரையில் இருத்தி, சின்னக் கரண்டியால், ஒரு வாய் முழுசாக இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். தண்ணியான சாமான்தான் அதிகம் புரைக்கேறும், மூச்சுக்குழாயின் வாய் மூட முதலே ஓடிவிடும். உதிர்ந்த புட்டும் லேசுப்பட்டதல்ல. ஒடியல் கூழ் இன்னும் மோசம் (இதைச் சொன்னால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும்), தண்ணியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒரே வாயில் வந்தால் பலமில்லாத நாக்கு எதைத்தான் சமாளிக்கும்? எவ்வளவு தடிப்பாகக் கொடுப்பது, நாடியை (மோவாயை) நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்குவது ஒத்துவருமா என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மயஸ்தீனியாக்காரருக்குக் குளிசை போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு வரும்படி டொக்டரிடம் கேட்டு நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள்.

அடுத்தது இரவு. தலையணி இரண்டு மூன்றாகக் கூடுகிறது, காலையில் தலையிடி, பகலில் தூங்கி விழுகிறார் என்றால் அது வயசு அல்ல. படுத்ததும் உதரவிதானம் (நெஞ்சுக்குக் கீழே மூச்சிழுக்கும் தசை) சோர்ந்து காபனீரொட்சைட்டு வெளியேறாமல் தங்குகிறது. இதற்கு வெறும் ஒட்சிசன் மருந்தல்ல, சிலருக்கு அந்தக் காபனீரொட்சைட்டை இன்னும் கூட்டிவிடும். உட்கார்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும் மூச்சளவு பார்க்கச் சொல்லுங்கள், பைபாப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் மெஷின்) தேவையா என்று நேரே கேளுங்கள். இருமலின் வேகத்தையும் அளக்கலாம். பெரியவர்களில் நிமிடத்துக்கு 270 லீற்றருக்குக் கீழே போனால் சாதாரணத் தடிமனே நெஞ்சில் இறங்கிவிடும், அம்பு பையால் (கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை) மூச்சுக்கு மேல் மூச்சாக அடுக்கி இருமப் பிசியோவிடம் பழகுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: கிழமைக்கொருக்கால் ஒரே மூச்சில், ஒரே வேகத்தில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று கொப்பியில் எழுதுங்கள். எண்ணிக்கை இறங்கினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் 1990 அம்புலன்ஸ்தான். முல்லைத்தீவில் துணுக்காய், ஒட்டுசுட்டான் உள்பக்கம் என்றால் வண்டி வர நேரமெடுக்கும், ஆகவே கிளினிக் கொப்பி, குளிசைப் பட்டியல், பைபாப் என்றால் முகமூடியோடு மெஷின், எல்லாம் ஒரே பையில் கதவடியில் இருக்கட்டும். மெஷினுக்கு பற்றரியும் சேர்த்து, கரண்ட் போனபிறகு தேடுவதில் பிரயோசனமில்லை.