சாமான் வாங்குவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்: பழைய ஃபோர் வீல் ஜீப்பின் முன் அச்சில் நாம் செய்யும் தவறுகள்

களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய ஃபோர் வீல் ஜீப்புகளில் முன்பக்கக் கோளாறு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஸ்டியரிங் கொஞ்சம் ஆட ஆரம்பிக்கும். கியர் போட்டதும் அடியில் ‘டக்’ என்று ஒரு தட்டு கேட்கும். பிரேக் டிரம் ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரியும். இதில் ஒன்றைப் பார்த்ததுமே நாம் சாமான் வாங்க திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறிவிடுகிறோம். எது ஆடுகிறது, எங்கே கசிகிறது என்று நிதானமாகப் பார்ப்பதில்லை. என் கையில் காசு போனதெல்லாம் அப்படித்தான்.

என் ஜீப்பில் ஒரே வருஷத்தில் முன் வீல் பேரிங் இரண்டு தடவை மாற்றினேன். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறுகிற பாதையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் போதும், ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். புதுப் பேரிங் போட்ட பிறகும் அதே உதறல். கடைசியில் வயதான ஒரு மெக்கானிக் வந்தார். சாமான் எதையும் கழற்றவில்லை. ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது. “அண்ணாச்சி, உள்ள ஏறி பிரேக்க நல்லா மிதிங்க” என்றார். மிதித்தேன். மறுபடி ஆட்டினார், ஆட்டம் அப்படியே இருந்தது. “பேரிங்கு இல்ல அண்ணாச்சி, கிங்பின்னு” என்றார். சக்கரம் இட வலம் திரும்ப அச்சு முனையில் நிற்கிற முளை அது. அவ்வளவுதான், இரண்டு நிமிஷம்.

காரணம் எளிது. பிரேக்கை மிதித்தால் டிரம்மும் உள்ளே இருக்கிற தட்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் வீல் பேரிங்கில் இருந்தால் அது அப்போது மறைந்துவிடும். மறையாவிட்டால் அதற்கு உட்புறத்தில், அதாவது கிங்பின்னில் இருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தை இட வலமாக ஆட்டும்போது இன்னொருவர் டை ராட் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) முனைகளில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த முனை விரலுக்குத் தனியாகத் தெரியும்.

கிங்பின் தேய்ந்த வண்டிக்கு ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்குகிற ஷாக்) வாங்கி மாட்டுவது அடுத்த தவறு. கொஞ்ச நாள் உதறல் அடங்கியது போலத் தெரியும், தேய்மானம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வில்லீஸ் வழிவந்த ஜீப்புகளில் கிங்பின் பேரிங் இறுக்கம் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளால் சரி செய்வது. மேலே இருந்து ஒன்று எடுத்தால் கீழேயும் அதே கனத்தில் ஒன்று எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற முட்டி) நடுவை விட்டு நகர்ந்துவிடும். டை ராடைக் கழற்றி, சீலையும் எடுத்துவிட்டு, நக்கிள் கையில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தால் எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ‘கைக்கு டைட்டா இருக்கு’ என்று மூடிவிடாதீர்கள்.

ஸ்பிரிங் பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சொருகி முன்பக்கத்தைத் தூக்குகிற பழக்கமும் இங்கே உண்டு. அச்சு சாய்கிற கோணம் அதனால் மாறும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேரே திரும்பவில்லை என்றால், கிங்பின்னைத் தொடுவதற்கு முன் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

சரி, இத்தனை தேய்மானமும் எங்கிருந்து வருகிறது? ஒரு பெரிய பங்கு தார்ச் சாலையிலிருந்து. மலைப்பாதையில் ஃபோர் வீல் போட்டு இறங்கி வருவார்கள், தார் ரோடு வந்ததும் லிவரை எடுக்க மறந்துவிடுவார்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. இந்த ஜீப்புகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலோ ஆற்று மணலிலோ டயர் லேசாக வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தாரில் டயர் வழுக்காது. முறுக்கமெல்லாம் ஷாஃப்ட்டிலும் அதன் முனையில் மடங்குகிற கிராஸ் ஜாயிண்ட்டிலும் கியர் பல்லிலும் போய்ச் சேரும். லிவர் வெளியே வர மறுப்பதும் அதனால்தான். அப்போது லிவரை உதைக்கவோ சுத்தியலால் தட்டவோ வேண்டாம். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டதும் தானாக வந்துவிடும்.

முன்னும் பின்னும் வேறு வேறு தேய்மானத்தில் டயர் இருந்தாலும் இதே கதைதான், நேர்ச் சாலையிலும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.25 மீட்டர் ஓடும். அதில் 2 செ.மீ. குறைந்தாலே கிலோமீட்டருக்கு 9 மீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் இழுபறி. சாக்பீஸால் டயரில் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி அளந்தால் போதும்.

பழைய இரும்புக் கடையில் அச்சு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சுக்குள் இருக்கிற பெரிய பல் சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பினியனில் 8 பல் என்றால் விகிதம் 5.38. இதே உருவத்தில் வேறு விகித அச்சுகளும் வரும். முன்னும் பின்னும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட நிமிஷமே ஒன்றை ஒன்று இழுக்கும். எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இனி கசிவு. முன் சக்கரத்தின் உட்புறம் கிண்ணம் போல உருண்டையாக ஒன்று தெரியுமே, அதைச் சுற்றி மண்ணோடு சேர்ந்து ஈரம் அப்பியிருந்தால் நாம் வெளி சீலைத்தான் மாற்றுகிறோம். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியான கிரீஸ் என்றால் வெளி சீல். தண்ணியாகி, கந்தக நெடி வந்தால் உள்ளே அச்சுக் குழாயில் இருக்கிற சீல் போய், கிரவுன் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. வெளி சீலை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது.

அதற்கும் முன்னால் பிரீதரைப் பாருங்கள். அச்சின் மேலே சின்னதாக ஒரு மூச்சுக்குழாய். சேறு அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். சூடான அச்சோடு ஆற்றில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற வண்டிகளை, மேலே கழுவி எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அச்சின் வடிகால் போல்ட்டைத் திறந்தால் மோர் நிறத்தில் வந்தது. அந்த ஆயிலில் ஓடிய பேரிங்கில் துருப்புள்ளி விழுந்துவிடும். கிரவுனுக்கு ஜி.எல்.-5 தர 90 கியர் ஆயில் ஊற்றுங்கள். அதையே பித்தளை வளையம் இருக்கிற கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள்.

முன் சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து விடுவிக்கிற ஃப்ரீ ஹப் போட்டவர்கள் அதை மாதக்கணக்கில் ஃப்ரீயிலேயே விடுகிறார்கள். உள்ளே ஜாயிண்ட் சுற்றாமல் கிடந்து கிரீஸ் ஒரு பக்கமாகக் காய்ந்துவிடும். மாதம் ஒரு முறை மண் பாதையில் லாக் செய்து சில கிலோமீட்டர் ஓட்டினால் போதும்.

கடைசியாக அந்த ‘டக்’. முன்னும் பின்னுமாகக் கியர் மாற்றும்போது கேட்டால் கிராஸ் ஜாயிண்ட்டைச் சந்தேகப்படுங்கள். அதன் கப் (ஊசி பேரிங் இருக்கிற மூடி) ஓரத்தில் செம்மண் போல மெல்லிய துருப்பொடி இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிராப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அச்சுக்கு ஓட்டத்தைப் பிரிக்கிற பெட்டி) பின்னால், பின் ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது. அந்த ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தும் வண்டி உருளும். நீங்கள் அடியில் படுத்திருப்பீர்கள்.

ஷாஃப்ட்டில் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் ஜாயிண்ட்டைப் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற கவைகள் ஒரே திசையில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி நடுங்கும், அதற்கு ஷாஃப்ட்டைப் பழி சொல்லி லேத்துக்குக் கொண்டுபோவார்கள். புதுக் கிராஸின் கப்பைத் தட்டி இறக்கும்போது பாதியில் இறுகி நின்றால் அழுத்தாதீர்கள். உள்ளே ஓர் ஊசி சரிந்து கிடக்கிறது. கப்பை வெளியே எடுத்து, கிரீஸ் தடவி, ஊசிகளை ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கி, பிறகு இறக்குங்கள்.