பின்னால் இடித்த லாரியும் குறைந்துபோன கார் விலையும்

பாபநாசம் தாண்டியதும் நெல் மூட்டை ஏற்றிய லாரி என் காரைப் பின்னால் இடித்தது. பழுதுச் செலவை என் இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. ஐந்து மாதம் கழித்து விற்கப் போனேன். கும்பகோணத்து வியாபாரி டிக்கியைத் திறந்தார், ரப்பர் பீடிங்கை உரித்தார், வெல்டிங் புள்ளிகளை விரலால் தடவினார். "அடி வாங்கின வண்டி சார், அறுபதாயிரம் குறையும்."

என் பாலிசியில் இந்த இழப்புக்கு இடமில்லை. சரி, இடித்தவரிடம்தானே கேட்க வேண்டும்? லாரியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் பிறர் சொத்துச் சேதத்துக்கும் இடம் உண்டு, 7.5 லட்சம் வரை. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது மூன்றே வாரம்!

பழுதுச் செலவை மறுபடி கேட்காமல் விலைக் குறைவை மட்டும் கேட்டேன். எஃப்.ஐ.ஆர். நகல், பில், படங்கள் எல்லாம் வைத்தேன். ஆனால் கை கொடுத்தது ஒரே தாள்தான்: விபத்துக்கு முன் என்ன விலை, பழுது பார்த்த பின் என்ன விலை என்று உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர், அதாவது வண்டிச் சேதத்தை மதிப்பிடுபவர், எழுதித் தந்த மதிப்பீடு. வியாபாரியின் வாய்ச்சொல் அங்கே எடுபடவில்லை. அப்புறம் மக்கள் நீதிமன்றத்தில் 38,000 ரூபாய்க்குச் சமரசம் ஆனது.