பொது விதிநூலா, ஓர் உலகத்துக்கென்றே எழுதிய விதிநூலா: தெரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையை வைத்தே ஒரு மாயாஜாலக் கதை விளையாடலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்தால், முதல் வாக்குவாதம் எந்த விதிநூல் என்பதில்தான் வரும். மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் போட்டுக் கதையை நடத்தும் றோல்பிளேயிங் விளையாட்டுகளின் விதிநூல்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். எந்த உலகத்துக்கும் பொருந்தும் என்று எழுதப்பட்டவை ஒரு வகை. 1986 இல் வந்த கர்ப்ஸ், 2003 இல் வந்த சாவேஜ் வேர்ல்ட்ஸ் எல்லாம் அப்படித்தான். மற்ற வகை, ஓர் உலகத்தையும் அதற்கான விதிகளையும் சேர்த்தே தரும். குளொறாந்தா என்ற கற்பனை உலகத்தோடு வந்த ரூன்குவெஸ்ட் (1978), ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றிய பென்ட்ராகன் (1985) ஆகியவை இதில் அடங்கும்.

ஆகப் பெரிய தவறு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பொது நூல் என்று நினைப்பது. அட்டையில் எந்த ஊரின் பெயரும் இல்லை, ஆகவே எந்த ஊருக்கும் சரிவரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 1974 இல் தொடங்கிய அந்த விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே ஓர் உலகம் இருக்கிறது. அங்கே சாகசம் செய்தவன் லெவல் லெவலாக ஏறுவான். இருபது பேர் வெட்டினாலும் சாகாத அளவுக்கு அவனுடைய உயிர்ப்புள்ளிகள், அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண், கூடும். பூசகர்கள் தெய்வத்திடம் வரம் வாங்கிக் காயத்தை அந்த இடத்திலேயே ஆற்றுவார்கள்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் ஈமக்கடனுக்கு நீர் வேண்டி இராவணன் நிலத்தில் குத்திய ஏழு இடங்களில் அந்த ஊற்றுகள் பிறந்தன என்பது ஊர்க்கதை. சாவை அவ்வளவு பெரிய அரசனாலும் திருப்ப முடியவில்லை என்பதால்தான் அந்தக் கதை நம்மைத் தொடுகிறது. இப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பைத் திறந்து பாருங்கள். 5 ஆம் லெவல் பூசகர், இறந்து ஒரு நிமிடத்துக்குள் என்றால், 300 பொன் பெறுமதியான வைரத்தைக் கொண்டு உயிரை மீட்கலாம். 9 ஆம் லெவலில் பத்து நாள் வரை அவகாசம் உண்டு, வைரத்தின் பெறுமதி 500 பொன். இலங்கையை ஆண்டவனிடம் 500 பொன்னுக்கு ஒரு வைரம் இருந்திருக்காதா என்று ஒருவர் கேட்டால், கதையை நடத்தும் கேம் மாஸ்டரிடம் பதில் இல்லை. கன்னியா இருப்பதற்கான காரணத்தையே விதிநூல் எடுத்துவிட்டது.

இதைச் சரிப்படுத்தலாம். அந்த மந்திரங்களை வெட்டிவிட்டு, கேரக்டர் உருவாக்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். அந்த விளையாட்டை வெளியிட்டவர்களே இப்படிச் செய்திருக்கிறார்கள். 1991 இல் வந்த டார்க் சன் உலகத்தில் உலோகம் அரிது, ஆயுதங்கள் எலும்பிலும் கல்லிலும் செய்யப்படும், மந்திரவாதி மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடி கொடிகள் கருகும், கும்பிடத் தெய்வங்களே இல்லை. உலகம் மாறியபோது விதியும் மாறவேண்டி வந்தது. வெறும் பெயர்களை மட்டும் மாற்றி, எல்ஃப் என்ற மாய இனத்தை இயக்கர் என்றும் டன்ஜன் என்ற நிலவறையை இராவணன் வெட்டுக்குக் கீழே உள்ள குகை என்றும் எழுதினால், பழைய உலகம் புதுப்பெயரோடு அப்படியே இருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஓர் உலகத்துக்கென்று எழுதிய நூல் நமக்கு உதவாது என்று தொடாமலே விடுவது. பென்ட்ராகனில் ஒவ்வொரு வீரனுக்கும் 13 சோடிக் குணங்கள் இருக்கும். இரக்கம் ஏற ஏற அதன் எதிர்க்குணமான கொடூரம் இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 20. சில நெருக்கடிகளில் வீரன் என்ன செய்வான் என்பதை டைஸ் தீர்மானிக்கும். ஆண்டுதோறும் மாரிக்காலத்தில் கலியாணம், பிள்ளைப்பேறு, காணி வருமானம் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். கதாநாயகன் இறந்தால் மகன் தொடர்வான். கொட்டியாரத்தை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னிபங்களைப் பற்றிய கதைக்கு, குடும்பமானமும் வாரிசுரிமையும்தான் உங்கள் கரு என்றால், எந்தப் பொது நூலையும்விட இந்த விதிகளே கிட்ட வரும் என்பது என் எண்ணம். ஆர்தரை எடுத்துவிடலாம், குணச் சோடிகளை எடுத்துவிடாதீர்கள். ரூன்குவெஸ்ட்டை வெளியிட்ட கேயோசியம் நிறுவனம் 1980 இல் அதன் அடிப்படை விதிகளை மட்டும் பிரித்து பேசிக் றோல்பிளேயிங் என்ற 16 பக்கச் சிறுநூலாக்கியது. அடுத்த ஆண்டு அதே அடிப்படையில் வந்த கால் ஆஃப் கதுல்லு என்ற திகில் விளையாட்டில், பயங்கரத்தைப் பார்த்தவரின் மனம் குலைவதற்கென்று தனி விதி சேர்ந்தது. எதைப் பொதுவாக வைத்தார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நிறையப் படிக்கலாம்.

கர்ப்ஸ் எடுப்பவர்கள் அதில் இருக்கும் அத்தனை விதியையும் முதல் நாளே பாவிக்கப் பார்ப்பார்கள். மூன்று டைஸ் போட்டு, வரும் கூட்டுத்தொகை உங்கள் திறமை எண்ணைத் தாண்டாமல் இருந்தால் வெற்றி, தொடங்க இது போதும். 32 பக்கத்தில் கர்ப்ஸ் லைட் என்ற இலவசப் பதிப்பே இருக்கிறது.

இன்னொன்று, உலகத்தைப் பற்றிய முழு விபரத்தையும் எல்லோரும் படித்து முடிக்கும்வரை விளையாட்டைத் தள்ளிப்போடுவது. செட்டிங் நூலின், அதாவது கதை நடக்கும் உலகத்தை விபரிக்கும் நூலின், முக்கியமான வேலை, மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பொதுவான ஒரு நினைவைக் கொடுப்பது. திருகோணமலைக்காரருக்குச் சுவாமிமலை எவ்வளவு உயரமாகத் தெரியும், கோட்டைக்குள் மான்கள் எங்கே நிற்கும், கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கும் இடம் எது என்று யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. அங்கே நீங்கள் பொது நூலோடு துணிந்து இறங்கலாம்.

ஆனால் இடம் ஒன்று என்பதால் கதையும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். மூதூரில் வளர்ந்தவருக்கும், கிண்ணியாவில் இருந்து வருபவருக்கும், கோயிலடியில் பிறந்தவருக்கும் வீட்டில் கேட்ட கதைகள் வேறுவேறு. எது நம் கதைக்குள் வரும், எது வராது என்பதை முதல் கூடலில் பேசி ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தெய்வங்களைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். 1980 இல் வந்த டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் நூல் இந்தியத் தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி போட்டது. புள்ளி இருந்தால் அதைக் குறைத்துப் பார்க்க ஆசை வரும். பக்கத்தில் இருப்பவர் கும்பிடும் கோணேசருக்கு எண் போடாதீர்கள். அவர் கதையில் இருக்கட்டும், எண்களை எழுதும் கேரக்டர் தாளுக்குள் வேண்டாம்.

காசு கட்டி வெளிநாட்டிலிருந்து நூலை எடுப்பிக்கும் முன்பு, முதல் கூடலில் நடக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பும் மூன்று சம்பவங்களை எழுதுங்கள். புயலில் தோணி, வன்னிபத்தின் சபையில் ஒரு வழக்கு, இறந்தவருக்குச் செய்யும் கிரியை என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு அந்த நூலில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பொருளடக்கத்தில் தேடுங்கள். சண்டைக்கு நூறு பக்கமும் சபைக்கு அரைப் பக்கமும் என்றால் வேறு நூல் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஃபேட் என்ற இன்னொரு பொது நூலின் விதிகளும் அதே வகை உரிமத்தில் இலவசம். தேவையான பக்கங்களை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்து, ஒரு பின்னேரம் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.