சித்திரை வெயிலில் நாகஸ்வரம் சுருதி ஏறினால்

மதுரை மாசி வீதியில் மதியம் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். நிழலில் சுருதிப்பெட்டியோடு கச்சிதமாகச் சேர்ந்த வாத்தியம், வெயிலில் கால்மணி நேரம் நடந்ததும் மேலே ஏறி நிற்கும். குறை வாத்தியத்தில் இல்லை. ஒரு டிகிரி சூடு கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் இருக்கும் காற்றுக்கும் இதே கணக்குதான்; வேகம் கூடினால் சுருதியும் ஏறும். மார்கழி விடியலில் இதற்கு நேர்மாறு, சுருதி இறங்கிக் கிடக்கும். அதனால் குளிர்ந்த வாத்தியத்தில் சுருதி சேர்க்காதீர்கள். ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றி, அப்புறம் சேருங்கள்.

ஏறிவிட்டால்? கெண்டையை, அதாவது குழலின் மேல்முனையில் சீவாளியைத் தாங்கும் சிறு உலோகக் குழாயை, ஒரு நூல் அளவு வெளியே இழுங்கள். அது லொடலொடவென்று ஆடினால் அடியில் இன்னும் இரண்டு சுற்று நூல் சுற்றுங்கள். இறங்கினால் உள்ளே தள்ளுங்கள். நிறைய இழுத்தால் ஒரே சீராக இறங்காது, மேல் துளைச் சுரங்கள் அதிகம் இறங்கி ஒன்றுக்கொன்று பிசகும். மிச்சத்தை உதட்டால்தான் சரிக்கட்ட வேண்டும்.

வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி இன்னொரு தலைவலி. காய்ந்தால் விறைத்துக்கொண்டு பேசாது. ரொம்ப ஊறினால் தொளதொளத்து மேல் ஸ்தாயி தொங்கிவிடும். நான் இரண்டு சீவாளியைப் பதமாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசிக்கிறேன். சுருதியைச் சரிசெய்ய அடிப்பக்கத் துளைகளில் மெழுகு வைத்திருந்தால் அதையும் தொட்டுப் பாருங்கள், வெயிலில் இளகி நகர்ந்திருக்கும். சட்டைப்பையில் ஒரு துண்டு மெழுகு எப்போதும் இருக்கட்டும்.