இங்கிலாந்து குக்கிராமத்துல புள்ள வீட்டுக்குப் போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

கடலூர், பாண்டி பக்கத்துலேர்ந்து நர்ஸ் வேலைக்குப் போன புள்ளைங்க வீட்ல கொஞ்ச நாள் தங்கப் போற அப்பா அம்மாங்களுக்குத்தான் இது. லண்டன நெனச்சுகிட்டு போகாதீங்க. குக்கிராமம்னா அங்க கொஞ்சம் வீடுங்க, அவ்ளோதான், பெரும்பாலும் சர்ச்சோ கடையோ கூட இருக்காது, மஞ்சக்குப்பத்துல நிக்கற மாதிரி அடுத்த பஸ் வரும்னு நின்னா நின்னுகிட்டேதான் இருக்கணும், அதனால பஸ் டைம மொதல்லயே போட்டோ புடிச்சு வச்சுக்கோங்க.

நடைபாதை இல்லாத ரோட்ல வலது பக்கமா, வண்டிய எதிர்ல பாத்தபடி நடங்க. வயலுக்குள்ள பொதுப்பாதை போர்டு இருந்தா தாராளமா போலாம், ஆனா கேட்டு மூடியிருந்தா திரும்ப மூடிட்டுதான் போகணும். கன்னுக்குட்டியோட மாடு நின்னா தள்ளியே போங்க, நம்மூரு மாடுன்னு தட்டிக்குடுக்கப் போகாதீங்க.

ஆளுங்களோட பழகணும்னா ஊர் ஹால் இருக்கான்னு பாருங்க, காபி, கேக், அரட்டைன்னு ஏதாவது நடக்கும். 1894 சட்டத்துல வந்த பாரிஷ் கூட்டமும் (நம்மூரு கிராம சபை மாதிரி) சில ஊர்ல உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடுங்கறதால அங்க விசாவோட குடியிருக்கற உங்க புள்ள ஓட்டர் லிஸ்ட்ல பேரே சேக்கலாம், நெறைய பேருக்கு இது தெரியறதில்ல!

கோடை விழாவுக்கு பண்ருட்டி முந்திரி போட்டு எதாவது செஞ்சு எடுத்துட்டு போனீங்கன்னா முந்திரி இருக்குன்னு சீட்டு எழுதி ஒட்டிருங்க, நட்ஸ் அலர்ஜி உள்ளவங்க இருப்பாங்க.